புரோபோலிஸ் என்கிற தேனீப் பிசின்: எந்த ஊர் மரம், எதில் கரைத்தது?

புதுச்சேரியில் இயற்கைப் பொருள் விற்கிற கடைகளில் தேன் பாட்டில்களுக்குப் பக்கத்தில் சொட்டு மூடி போட்ட ஒரு சின்னக் கரும்பழுப்புக் குப்பியைப் பார்த்திருப்பீர்கள். புரோபோலிஸ் என்று எழுதியிருக்கும், விலை தேனை விடப் பல மடங்கு. தொண்டைக் கட்டில் தொடங்கி புற்றுநோய் வரைக்கும் கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் எது நிஜம், எது கதை என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் வேதியியல் போதும். பள்ளியில் படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

முதலில், இது தேனீயின் உடம்பில் ஊறுகிற பொருள் இல்லை. மெழுகு அப்படி ஊறுவது, தேனீயின் வயிற்றடிச் சுரப்பிகளிலிருந்து வரும். புரோபோலிஸ் மரத்திலிருந்து வருகிறது. சில மரங்களின் மொட்டுகள் மேல் பளபளவென்று ஒட்டுகிற பூச்சு இருக்கும், பட்டையில் காயம் பட்டால் பிசின் வடியும், அதைத் தேனீ வாயால் கடித்துப் பிய்த்து, மகரந்தம் சுமக்கிற அதே பின்னங்கால் கூடையில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. வெயில் ஏறிப் பிசின் இளகியிருக்கும் நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும். ஒரு கூட்டில் இதற்கென்று போகிறவை மிகச் சில தேனீக்கள்தான். கூட்டுக்கு வந்த பிறகும் அதால் சுமையைத் தானே இறக்க முடியாது. உள்ளே இருக்கிற தேனீக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து இழுக்க வேண்டும், சில சமயம் மணிக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தத் தேனீ அசையாமல் நின்றுகொண்டிருக்கும். இழுத்த பிசினோடு மெழுகைக் குழைத்துக் கூட்டில் பூசும், அதுதான் புரோபோலிஸ்.

எதற்குப் பூச வேண்டும்? தேவனாம்பட்டினம் பக்கம் பழைய மரப்படகுகள் கட்டியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளை அடைப்பார்கள், தண்ணீர் உள்ளே வராது. தேனீ செய்வதும் அதே வேலைதான், கூடவே கிருமிக்கும் சேர்த்து அடைக்கிறது. மரப்பொந்தில் வாழ்கிற கூட்டம் பொந்தின் உள்சுவர் முழுக்க மெல்லியதாக இதைப் பூசி வைக்கும். உள்ளே நுழைந்து கொட்டு வாங்கிச் செத்த எலியை வெளியே இழுத்துப் போட அதற்குத் தெம்பு கிடையாது, அதனால் அந்தப் பிணத்தை அப்படியே பிசினால் மூடிவிடும். அழுகி நாறாமல் காய்ந்து கிடக்கும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கிற பருவத்தில் தோப்பில் பெட்டி வைக்கிற அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? மூடிய சட்டத்தோட சேத்து ஒட்ட வெச்சிடும் சனியன். சொரண்டிப் போட்டுட்டு வேலயப் பாப்போம்" என்றார். அவர் மூடியின் ஓரத்தில் இரும்புப் பட்டையைக் கொடுத்து நெம்பியபோது பட்டென்று ஒரு சத்தம் வந்தது, காய்ந்த பிசின் பிளக்கிற சத்தம். சட்டத்தின் காதுப் பகுதியில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்ததைக் கிள்ளி விரலில் உருட்டினால் கொஞ்ச நேரத்தில் மெழுகு மாதிரி இளகி, சாம்பிராணியும் மாங்காய்ப் பாலும் கலந்த ஒரு வாசனை வந்தது. கையில் பட்டது சோப்புக்குப் போகவே இல்லை, ஸ்பிரிட் போட்டுத்தான் துடைக்க வேண்டியிருந்தது. இந்த ஸ்பிரிட் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எல்லாத் தேனீயும் இதைச் செய்வதில்லை என்பது நம் ஊரில் முக்கியமான செய்தி. அவர் வைத்திருந்தது இத்தாலியத் தேனீ, அது பிசின் சேர்க்கும். நம் ஊர் அடுக்குத் தேனீ பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. புதர்க் கிளையில் ஒற்றை அடை கட்டுகிற கொம்புத் தேனீ, கிளையைச் சுற்றி ஒட்டும் பிசினால் வளையம் போட்டு வைக்கும், எறும்பு தாண்டி வராமல் இருக்க. கொட்டாத கொசுத்தேனீதான் இதில் பெரிய கை. பழைய வீட்டுச் சுவர் ஓட்டையில், மீட்டர் பெட்டிக்குள், கதவு நிலை இடுக்கில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கருப்புக் குழாய் வாசலே மெழுகும் பிசினும் கலந்து கட்டியதுதான். ஆகவே "அடுக்குத் தேனீ புரோபோலிஸ்" என்று யாராவது விற்றால் நான் வாங்க மாட்டேன்.

சரி, பிசின் என்றால் என்ன? முருங்கைப் பிசின், கருவேலம் பிசின், கோடையில் ஊறவைத்துக் குடிக்கிற பாதாம் பிசின் எல்லாம் சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த பொருள்கள். தண்ணீரில் ஊறும், கரையும். முந்திரி மரத் தண்டில் வடிகிறதும் இந்த வகைதான். குங்கிலியமும் சாம்பிராணியும் வேறு குடும்பம். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி கிடக்கும், எண்ணெயிலோ ஸ்பிரிட்டிலோ கரையும், நெருப்பில் போட்டால் மணக்கும். தேனீ தேடிப் போவது இந்த இரண்டாவது வகையை. மரம் இதை உண்டாக்குவது தன் இளமொட்டையும் காயத்தையும் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ள. அதாவது கிருமியை அடக்குகிற சரக்கு மரத்தின் சொந்தத் தயாரிப்பு, தேனீ அதைத் தூக்கி வந்து கலக்குகிறது.

புத்தகங்களில் ஒரு கணக்கு போட்டிருப்பார்கள்: பிசினும் அதைச் சேர்ந்தவையும் சுமார் 50 சதவீதம், மெழுகு 30, மணம் தருகிற ஆவியாகும் எண்ணெய்கள் 10, மகரந்தம் 5, மீதி மற்றவை. இதை ஒரு தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு அதிகம், பிசின் குறைவு என்று ஒரே தோட்டத்துப் பெட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும், பருவத்துக்குப் பருவமும் மாறும். அந்த 50 சதவீதத்துக்குள்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. உலகத்தில் பல ஊர்ப் பிசின்களை அலசியதில் இதுவரை 300-க்கும் மேற்பட்ட சேர்மங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே கட்டியில் இருக்காது, ஊருக்கு ஊர் வேறு வேறு.

பெரும்பாலானவை ஃபீனால் வகை. ஆறு கார்பன் வளையம், அதில் ஒட்டிய ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, அவ்வளவுதான் அடிப்படை. அந்த ஜோடி ஹைட்ரஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும், அதனால் செல்லுக்குள் துள்ளிக்கொண்டிருக்கிற ஃப்ரீ ராடிக்கல் என்கிற, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற மூலக்கூறுகளை அமைதிப்படுத்தும். ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று விளம்பரங்களில் வருவது இதைத்தான். இந்த வளையங்கள் கோத்த ஒரு பெரிய குடும்பம் ஃபிளேவனாய்டு. பினோசெம்ப்ரின், கேலங்கின், கிரைசின் இவையெல்லாம் அதில் வரும். காஃபீக் அமிலம், கூமாரிக் அமிலம் போன்ற ஃபீனாலிக் அமிலங்கள் இன்னொரு கூட்டம். காஃபீக் அமிலம் வேறொரு மூலக்கூறோடு சேர்ந்த எஸ்டர் ஒன்று இருக்கிறது, காஃபீக் அமில ஃபீனெத்தில் எஸ்டர், ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக கேப் என்பார்கள். புரோபோலிஸ் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் பாதிக்கு இவர்தான் கதாநாயகன் என்று சொல்லலாம். இவை போக டெர்பீன்கள், மணத்துக்கும் ஒட்டும் தன்மைக்கும் காரணமானவை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தேனீ பெரும்பாலும் பாப்லர் மரத்தின் மொட்டுப் பிசினை எடுக்கிறது, மேலே சொன்ன பினோசெம்ப்ரின், கேலங்கின், கேப் எல்லாம் அந்த வகையில்தான் நிறைய. பிரேசிலில் பச்சைப் புரோபோலிஸ் என்று ஒன்று, அது பாக்கரிஸ் என்கிற புதர்ச்செடியின் இளந்தளிரிலிருந்து வருவது, அதில் பாப்லர் சரக்கு பெரிதாக இருக்காது, ஆர்ட்டெபிலின்-சி என்கிற வேறொரு பொருள்தான் முதலிடம். அதே பிரேசிலில் கடலோரச் சதுப்புப் பகுதியில் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த சாற்றை எடுக்கிற தேனீக்கள் சிவப்புப் புரோபோலிஸ் செய்கின்றன, அதில் ஐசோஃபிளேவனாய்டுகள். மத்திய தரைக்கடல் பக்கம் சைப்ரஸ் மரத்திலிருந்து டெர்பீன்கள். தைவானிலும் ஜப்பானின் ஒகினாவா தீவிலும் மக்காரங்கா மரத்தின் காயிலிருந்து வேறு வகை ஃபிளேவனாய்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், குப்பியின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு வேறு மருந்துக்கடை.

கடலூர்-புதுச்சேரிக் கரையில் பாப்லர் தோட்டம் கிடையாது. பஞ்சாப், ஹரியானா பக்கம் வயலோரம் நட்டு வளர்க்கிறார்கள், இங்கே இல்லை. இங்கே இருப்பது மா, முந்திரி, பலா, பனை, ஆரோவில் பக்கம் எஞ்சியிருக்கிற உலர் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகள், தெற்கே பிச்சாவரத்துச் சதுப்பு. மாமரம் இருக்கிற நாடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். தாய்லாந்து, இந்தோனேசியா புரோபோலிஸ் சிலவற்றில் மாம்பட்டைப் பிசினிலிருந்து வந்த கார்டனால், கார்டால் போன்ற பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். பண்ருட்டிக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் பொருள் தெரியும், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் இருப்பது இதே குடும்பம், மாவும் முந்திரியும் சொந்தக்காரர்கள். கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்கள் கறுத்துத் தோல் உரிவது இதனால்தான். கிருமியைக் கொல்லும், தோலையும் எரிக்கும். இயற்கையானது, அதனால் சாது என்று நினைப்பவர்களுக்கு முந்திரி ஓடு ஒன்றை உடைத்துப் பார்க்கச் சொல்லலாம், உண்மையில் வேண்டாம்.

ஆக, "புரோபோலிஸ் இதைச் செய்யும் என்று ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்" என்றால் அது பாப்லர் மரத்தைப் பற்றிய செய்தி. நம் ஊர்க் குப்பிக்கு அது தானாகப் பொருந்தாது, பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம், அலசிப் பார்த்தால்தான் தெரியும். மகரந்தத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்த ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவும் பெரிய மகரந்தத் தொகுப்பும் உண்டு, இந்தக் கலையில் பெயர் பெற்ற இடம். ஆனால் பிசினில் ஒட்டியிருக்கிற மகரந்தம், கூட்டைச் சுற்றி என்ன பூத்தது என்று சொல்லும். எந்த மரத்துப் பிசின் என்று சொல்லாது, அதற்கு வேதியியல்தான் வேண்டும்.

அடுத்த கேள்வி, எதில் கரைத்தார்கள்? கட்டியாக இருப்பதை அப்படியே மெல்ல முடியாது, பல்லில் ஒட்டிக்கொள்ளும். மெழுகையும் மரச்சிராயையும் செத்த தேனீ இறகையும் விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் ஃபிரீசரில் வைப்பார்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் பிசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எப்போதும் இளகித்தான் இருக்கும், அதனால் குளிர்விக்காமல் பொடிக்க நினைத்தால் மிக்ஸி ஜாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பொடித்த பிறகு 70 சதவீத எத்தனாலில் இருட்டில் சில நாள் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, திரும்பவும் குளிரில் வைத்தால் கரைந்திருந்த கொஞ்சநஞ்ச மெழுகும் வெள்ளையாகத் திரிந்து படியும். அதையும் வடித்தால் தேன்சிவப்பில் தெளிவாக ஒரு சாறு. ஏன் 70? ஃபீனால்களில் சில கொஞ்சம் தண்ணீர் கேட்கும், சில கேட்காது, இந்தக் கலவையில் இரண்டும் வரும், மெழுகு பெரிதாக வராது.

தண்ணீரில் மட்டும் எடுத்த சாறும் விற்கிறது, மது வேண்டாம் என்பவர்களுக்காக. அதில் ஃபீனாலிக் அமிலங்கள் கொஞ்சம் வரும், ஃபிளேவனாய்டு பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். எண்ணெயில் எடுத்தால் வேறு கலவை. ஒரே கட்டியை மூன்றாக உடைத்து மூன்றில் ஊறவைத்தால் மூன்று வெவ்வேறு பொருள் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட் சாற்றை ஒரு சொட்டு தண்ணீர் டம்ளரில் விட்டுப் பாருங்கள், உடனே பால் மாதிரி கலங்கும், தண்ணீர் அதிகமானதும் பிசின் கரைந்திருக்க முடியாமல் நுண்துளிகளாக வெளியே வருகிறது. டம்ளர் விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம் ஒட்டும். கலங்கவே இல்லை என்றால் அந்தக் குப்பியில் பிசின் ரொம்பக் குறைவு என்று சந்தேகிக்கலாம், ஆனால் கலங்குவதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது, எந்தப் பிசினும் கலங்கும்.

வீட்டிலேயே செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. ஹார்டுவேர் கடை ஸ்பிரிட், தின்னர், பெயர் தெரியாத சானிடைசர் எதிலும் ஊறவைக்காதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் என்ன செய்யும் என்று 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் பார்த்தாயிற்று, இரண்டும் நமக்குப் பக்கத்து ஊர்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? முதலில் மொத்த ஃபீனால் அளவு, ஃபோலின் கரைசல் சேர்த்தால் நீலம் ஏறும், எவ்வளவு ஆழமான நீலமோ அவ்வளவு ஃபீனால். அடுத்தது டிபிபிஎச் என்கிற ஊதாக் கரைசல், சாற்றைச் சேர்த்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும், வேகமாக வெளுத்தால் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் அதிகம் என்று எழுதுவார்கள். மலிவான சோதனை, எந்தக் கல்லூரியிலும் செய்யலாம், அதனால்தான் இப்படிக் கட்டுரைகள் குவிகின்றன. ஆனால் சோதனைக் குழாயில் ஊதா போனது என்பதும் உங்கள் உடம்பில் ஏதோ நல்லது நடந்தது என்பதும் ஒன்றல்ல. டீத்தூளும் இதைச் செய்யும். உள்ளே குறிப்பாக எந்தப் பொருள் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் எச்பிஎல்சி போன்ற கருவியில் பிரித்துப் பார்க்க வேண்டும், அந்த அறிக்கை இருக்கிற விற்பனையாளரை நான் கொஞ்சம் மதிப்பேன்.

கிருமி விஷயத்தில் ஆதாரம் உறுதியானது. கிருமி வளர்த்த தட்டில் சாறு நனைத்த வட்டத்தாளை வைத்தால் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் வரும், அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம். சீழ்ப்புண்களில் வருகிற ஸ்டஃபைலோகாக்கஸ், பல் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகள் மேல் நன்றாக வேலை செய்யும். ஈ. கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, இந்த எண்ணெய்ப் பசை மூலக்கூறுகள் அதைத் தாண்டத் திணறும், அதனால் அங்கே பலன் குறைவு. கேண்டிடா என்கிற பூஞ்சை மேலும் வேலை செய்கிறது. எப்படிக் கொல்கிறது என்றால் ஒரே வழியில் இல்லை, சவ்வை ஓட்டையாக்குவது, நொதிகளைத் தடுப்பது என்று பல பொருள்கள் ஒரே சமயத்தில் பல இடங்களில் கை வைக்கின்றன. ஒன்றைப் பிரித்தெடுத்துச் சோதித்தால் முழுச் சாற்றின் பலம் வராமல் போவதும் உண்டு. இந்த மாதிரி ஆய்வைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், வெறும் ஸ்பிரிட் நனைத்த தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? ஸ்பிரிட்டே கிருமியைக் கொல்லும் சரக்குதானே.

வீக்கம், புற்றுநோய்ப் பேச்சுக்கு வருவோம். வீக்கத்தைத் தூண்டுகிற மரபணுக்களை இயக்குகிற ஒரு சுவிட்ச் புரதத்தை கேப் தடுக்கிறது என்று 1996-ல் காட்டினார்கள், புற்று செல்களைத் தட்டில் கொல்கிறது என்பது அதற்கும் முன்பே தெரியும். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் தட்டில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றுகிற அளவு வேறு, வாயில் போட்ட சொட்டு குடலையும் கல்லீரலையும் தாண்டி இரத்தத்தில் சேர்கிற அளவு வேறு. கேப் போன்ற எஸ்டர்கள் போகிற வழியிலேயே உடைந்துவிடும். ஜிப்மரில் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற யாருக்காவது இந்தக் குப்பியை வாங்கிக்கொடுத்து மருந்தை நிறுத்தச் சொல்கிற உறவினர்கள் இருந்தால், அன்போடு தடுத்துவிடுங்கள். கீமோ எடுப்பவர்களுக்கு வருகிற வாய்ப்புண்ணில் புரோபோலிஸ் வாய்க்கொப்பளிப்பு உதவுகிறதா என்று சிறிய அளவில் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள், நம்பிக்கை தருகிற முடிவுகளும் உண்டு, அது மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது. உதட்டில் வருகிற ஹெர்பெஸ் கொப்புளத்துக்குக் களிம்பாகவும் சோதித்திருக்கிறார்கள். கவனித்தீர்களானால் ஓரளவு தேறுகிற பயன்களெல்லாம் வாயிலும் தோலிலும், அதாவது பிசின் நேராகப் போய்ப் படுகிற இடங்களில்.

ஒவ்வாமை இதன் மறுபக்கம். தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கிற ஒவ்வாமைச் சோதனைப் பட்டியலில் புரோபோலிசுக்கு இடமுண்டு, அந்தளவுக்குப் பிரச்சினை செய்கிறது. பாப்லர் வகையில் முக்கியக் குற்றவாளிகள் அதே காஃபீக் அமில எஸ்டர்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் பிறகு தடிப்பு வரலாம். தேனீப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள் விஷயத்தில் இதில் விளையாட வேண்டாம்.

தேனீக்கே இது மருந்தா என்று பார்த்த ஆய்வுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. 2009-ல் அமெரிக்காவில் சில பெட்டிகளின் உள்சுவரில் பிசின் சாற்றைப் பூசிவிட்டுப் பார்த்தார்கள், அங்கே வளர்ந்த இளம் தேனீக்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் மற்றவற்றை விடக் குறைவாகவே இயங்கின, சுற்றிக் கிருமி குறைவாக இருந்ததால் உடம்பு அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. 2012-ல் வந்த இன்னொன்றில், புழுக்களைச் சுண்ணாம்புக் கட்டியாக்குகிற பூஞ்சை நோய் தாக்கிய பிறகு கூட்டங்கள் அதிகமாகப் பிசின் தேடிப் போயின. தேனீ இதைச் சாப்பிடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், சுவரில்தான் பூசுகிறது.

பெட்டி வைத்திருப்பவர்கள் சுரண்டி எறிவதற்குப் பதில் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம், பெரிய வருமானம் எதிர்பார்க்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு பெட்டிக்கு 100 கிராம் அளவில்தான் வரும், அதிலும் இத்தாலியத் தேனீ இந்த வேலையில் கொஞ்சம் சோம்பேறி. சட்டத்தைச் சுரண்டி எடுத்தால் மெழுகும் மரத்தூளும் பெயிண்டும் சேர்ந்து வரும். அதற்குப் பதிலாக உள்மூடிக்குக் கீழே உணவுத் தரப் பிளாஸ்டிக் வலை ஒன்றைப் போட்டுவிட்டால் சின்னச் சின்ன ஓட்டைகளைத் தேனீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது, 6 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி எதுவானாலும் பிசினால் அடைத்துவிடும். நிறைந்ததும் வலையைச் சுருட்டி ஃபிரீசரில் ஒரு ராத்திரி வைத்து, எடுத்தவுடன் பையோடு முறுக்கினால் பொலபொலவென்று உதிரும். பெட்டிக்குப் பழைய ஈயப் பெயிண்ட் அடித்திருந்தாலும், பெட்டி பைபாஸ் ரோட்டோரமாக இருந்தாலும் அதை விற்காதீர்கள். பிசின் ஒட்டுகிற பொருள், ஈயம், புகைக்கரி, தோப்பில் அடித்த பூச்சிமருந்து எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்பிரிட்டில் ஊறும்போது அதில் ஒரு பங்கும் குப்பிக்குள் வந்துவிடும்.